யானையின் கழுத்துப்பட்டை தரும் புள்ளிகளைத் தூரத்தால் சலிப்பது எப்படி?

மலையடிவாரக் கிராமங்களில் கரும்பும் வாழையும் மக்காச்சோளமும் பயிரிடும் விவசாயிகளுக்கு, யானை அருகில் வந்திருக்கிறது என்ற செய்தி இப்பொழுது சில பகுதிகளில் கைப்பேசி வழியாகவே வந்துவிடுகிறது. செய்தியை நம்பி இரவு முழுவதும் பரணில் கண் விழித்தவர், யானை வரவே இல்லை என்று மறுநாள் குறைப்பட்டுக்கொள்கிறார். செய்தி எதுவும் வரவில்லை என்று நம்பி மடை திருப்பப் போனவர், வரப்பில் யானையின் முன்னால் போய் நிற்கிறார். முன்னதில் போவது ஓர் இரவுத் தூக்கம். பின்னதில் போவது உயிர். இவ்விரண்டுக்கும் பல வேளைகளில் காரணம் ஒன்றே. யானை நின்ற இடத்துக்கும் நம் வயலுக்கும் உள்ள தூரத்தை யாரோ ஒருவர் கணக்கிட்டு, ஓர் எல்லை வைத்து, அதற்கு உட்பட்டதை மட்டும் நமக்குச் சொல்லியிருக்கிறார். அந்த எல்லையை எப்படி வைப்பது என்பதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

யானைச் செய்தி எல்லா இடத்திலும் ஒரே வழியில் வருவதில்லை. வால்பாறையில் 2011ஆம் ஆண்டு முதல் நடந்து வரும் முறையில், ஆட்கள் யானையைக் கண்ணால் கண்டு, சுற்றியுள்ளவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகின்றனர். சிவப்பு விளக்கையும் எரியவிடுகின்றனர். இன்னொரு வழி, யானையின் கழுத்தில் காலர் எனப்படும் பட்டையைப் பொருத்தி, அது தரும் இடக்குறிப்புகளைக் கணிப்பொறியில் வாங்குவது. இங்கு நாம் பேசுவது இந்த இரண்டாவது வழியைப் பற்றி.

புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன?

பூமிக்கு மேலே சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றி வரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சைகை கிடைத்தால்தான் காலர் தான் இருக்கும் இடத்தைச் சரியாகக் கணக்கிடும். கணக்கிட்டதை வேறொரு செயற்கைக்கோள் வழியாகவோ கைப்பேசிக் கோபுரம் வழியாகவோ அனுப்பும். ஒவ்வொரு முறையும் மின்கலத்தின் சக்தி செலவாவதால் காலர் எந்நேரமும் வேலை செய்வதில்லை. மணிக்கு ஒரு முறை, அல்லது நான்கு மணிக்கு ஒரு முறை என்று முன்கூட்டியே அமைத்துவிடுகின்றனர். ஒவ்வொரு முறைக்கும் தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை அடங்கிய ஒரு வரி பதிவாகும். மணிக்கு ஒன்று என்றால் ஒரு யானைக்கு ஆண்டொன்றுக்கு 8,760 வரிகள். கையால் பார்த்து மாளாது என்பதால் புள்ளியியல் மென்பொருளின் துணை வேண்டியிருக்கிறது.

கென்யா நாட்டில் 1990களின் நடுவிலேயே யானைகளுக்கு ஜி.பி.எஸ். காலர் பொருத்திப் பார்த்துள்ளனர். அங்கு ஓல் பெஜெட்டா என்னும் காப்பகத்தில், தோட்டங்களுக்குள் அடிக்கடி புகுந்து பழகிய கிமானி என்ற ஆண் யானையின் காலரில் கைப்பேசியின் சிம் அட்டையைப் பொருத்தி, காப்பகத்தின் ஓரமாக வரைபடத்தில் ஒரு கோடு வரைந்து வைத்தனர். யானை அக்கோட்டைத் தாண்டியவுடன் காவலர்களுக்குக் குறுஞ்செய்தி போகும். 2008ஆம் ஆண்டில் இச்செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. வரைபடத்தில் இட்ட இந்த வேலியும் ஒரு தூரக் கணக்குத்தான்.

முதலில் பதரை நீக்குதல்

களத்தில் நெல்லைத் தூற்றாமல் யாரும் குதிரில் கொட்டுவதில்லை. காலர் தரும் புள்ளிகளிலும் பதர் உண்டு. சைகை கிடைக்காதபோது சில கருவிகள் அட்சரேகை 0, தீர்க்கரேகை 0 என்று எழுதிவிடும். அது மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே கடலில் உள்ள இடம். சத்தியமங்கலத்திலிருந்து சுமார் 8,600 கி.மீ. தொலைவு. எழுதுபவர் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிவிட்டால் நம் யானை வடதுருவப் பக்கம், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் நீந்திக்கொண்டிருக்கும். இவற்றைக் கண்டுபிடிப்பது எளிது. வரைபடத்தில் இட்டவுடன் தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகள்தான் ஆபத்தானவை. அவற்றுள் ஒன்று டிகிரியையும் நிமிடத்தையும் குழப்பிக்கொள்வது. 11 டிகிரி 30 நிமிடம் என்பது தசமத்தில் 11.50 ஆகும், 11.30 அன்று. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதை மறந்து 11.30 என்று எழுதிவிட்டால் யானை 22 கி.மீ. தெற்கே தள்ளிப்போய்விடும். வரைபடத்தில் அதுவும் நம் பக்கத்து ஊராகவே தோன்றுவதால் யாருக்கும் ஐயம் எழாது.

மற்றொன்று நேரம். காலர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. நம் கணக்கில் இரவு 7.30 மணிக்கு வயலில் இறங்கிய யானை, அட்டவணையில் பகல் 2 மணிக்கு இறங்கியதாக இருக்கும். நள்ளிரவு கடந்து 1 மணிக்கு வந்தால் தேதியே ஒரு நாள் முந்திப்போகும். பயிர்ச் சேதத்துக்கு மனு எழுதும் விவசாயி சொல்லும் தேதியும் காலர் சொல்லும் தேதியும் ஒத்துப்போகவில்லை என்றால், விவசாயி பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்த ஐந்தரை மணியைப் பார்க்க வேண்டும்.

தூரத்தைக் கையால் கணக்கிடுதல்

இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தை மென்பொருள்தான் கணக்கிட வேண்டும் என்பதில்லை. வடக்கு தெற்காக ஒரு டிகிரி அட்சரேகை என்பது நம் பகுதியில் ஏறத்தாழ 110.6 கி.மீ. கிழக்கு மேற்காக ஒரு டிகிரி தீர்க்கரேகை இடத்துக்கு இடம் மாறும். நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. ஆக இருப்பது, வடக்கே போகப் போகக் குறுகி, 60ஆவது அட்சரேகையில் பாதியாகிவிடும். தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளதால் நமக்கு இந்தக் குறைவு மிகச் சிறிதே. சத்தியமங்கலம் இருக்கும் பதினொன்றரை டிகிரியில் அது 109 கி.மீ. ஆகவே எந்தத் திசையானாலும் 0.01 டிகிரிக்கு 1.1 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் போதும். வடக்கு தெற்கு வித்தியாசத்தை ஒரு பக்கமாகவும் கிழக்கு மேற்கு வித்தியாசத்தை மறுபக்கமாகவும் கொண்டு, பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்கைப் போட்டால் தூரம் கிடைத்துவிடும். இரண்டு பக்கங்களையும் தனித்தனியே அதனதனோடு பெருக்கி, கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும், அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நம் வயல் அட்சரேகை 11.500, தீர்க்கரேகை 77.200இல் உள்ளது எனக் கொள்வோம். யானையின் காலர் மணிக்கு ஒரு முறை தந்த புள்ளிகள் வருமாறு:

மாலை 6 மணி: 11.560, 77.200
இரவு 7 மணி: 11.550, 77.210
இரவு 8 மணி: 11.820, 77.210
இரவு 9 மணி: 11.530, 77.210
இரவு 10 மணி: 11.520, 77.200

மாலை 6 மணிக்கு யானை வயலிலிருந்து 6.6 கி.மீ. தூரத்தில் உள்ளது. 7 மணிக்கு 5.6 கி.மீ. 8 மணிக்கு 35 கி.மீ. 9 மணிக்கு மூன்றரை கி.மீ. 10 மணிக்கு 2.2 கி.மீ. எட்டு மணிப் புள்ளியைத் தவிர்த்துப் பார்த்தால், யானை சீராக நம் வயலை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது தெளிவாகிறது. எட்டு மணிப் புள்ளியை நம்பினால், யானை மலையேறிப் போய்விட்டது என்று எண்ணிக் காவலை விட்டுவிடுவோம்.

வேகத்தால் சலித்தல்

எட்டு மணிப் புள்ளி பொய் என்பதை எப்படி நிச்சயிப்பது? ஏழு மணிக்கு இருந்த இடத்திலிருந்து அது 30 கி.மீ. தள்ளி உள்ளது. யானை நிதானமாக நடந்தால் மணிக்கு 4 முதல் 6 கி.மீ. போகும். தாய்லாந்தில் ஆசிய யானைகளை விரையவிட்டு அளந்து 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மிக அதிக வேகம் நொடிக்கு 6.8 மீட்டராக இருந்தது. மணிக்குச் சுமார் 25 கி.மீ. என்று ஆகிறது. ஆனால் இந்த வேகத்தில் எந்த யானையும் ஒரு மணி நேரம் ஓடாது. ஆகவே மணிக்கு ஒரு புள்ளி தரும் காலருக்கு 8 முதல் 10 கி.மீ. வரை எல்லை வைப்பது பொருத்தம் என்பது என் கருத்து. ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி தரும் காலருக்கு ஐந்து நிமிடத்தில் 2 கி.மீ. வரை அனுமதிக்கலாம், மிரண்டு ஓடும் யானை அவ்வளவு தூரம் போகக்கூடும்.

இங்கேதான் கணிப்பொறியை அப்படியே நம்புகிறவர்கள் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு முந்திய புள்ளியோடு ஒப்பிட்டு, எல்லையைத் தாண்டியதை நீக்கு என்று சொன்னால், மென்பொருள் எட்டு மணிப் புள்ளியை நீக்கும். அதோடு நில்லாது, ஒன்பது மணிப் புள்ளி எட்டு மணிப் புள்ளியிலிருந்து 32 கி.மீ. தள்ளி இருப்பதால் அதையும் நீக்கிவிடும். ஒன்பது மணிப் புள்ளி உண்மையானது. அதுவும் நமக்கு மிக வேண்டியது. களைக்கு அடித்த மருந்து பக்கத்துப் பயிரையும் கருக்கியது போலத்தான் இது. ஆகவே நீக்கிய புள்ளியோடு அடுத்ததை ஒப்பிடக்கூடாது. கடைசியாக ஏற்றுக்கொண்ட புள்ளியோடு ஒப்பிட வேண்டும். ஏழு மணிப் புள்ளியிலிருந்து ஒன்பது மணிப் புள்ளி வரை 2.2 கி.மீ.; இரண்டு மணி நேரத்தில் யானைக்கு அது எளிது. முதல் புள்ளியே பொய்யாக இருந்தால் இந்த முறையும் தடுமாறும் என்பதால், தொடக்கப் புள்ளியை மட்டும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வேகச் சல்லடைக்கு லாரியைப் பற்றித் தெரியாது என்பதையும் நினைவிற்கொள்க. 2023 ஏப்ரல் இறுதியில் கேரளத்தின் சின்னக்கானலில் அரிக்கொம்பன் யானையைப் பிடித்து, காலர் மாட்டி, லாரியில் ஏற்றிப் பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டனர். லாரியில் போகும் யானையின் புள்ளிகள் எந்த யானையும் நடக்க முடியாத வேகத்தைக் காட்டும், அவை பொய்யல்ல. ஆகவே ஐயத்துக்குரிய புள்ளியை அழித்துவிடாமல், அதன் அருகில் ஒரு குறி இட்டு வைக்க வேண்டும். அழித்தது திரும்ப வராது.

காட்டெல்லையிலிருந்து வெகுதூரம் வந்த புள்ளியெல்லாம் பிழை என்று சிலர் எல்லை கட்டுவதுண்டு. இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 2019 ஜனவரி 25 அன்று கோவை தடாகம் பகுதியில் பிடிக்கப்பட்ட சின்னத்தம்பி யானையை, காலருடன் டாப்சிலிப்பை அடுத்த வரகளியாறு காட்டில் விட்டனர். ஒரு வாரத்துக்குள் அது காட்டை விட்டு வெளியேறி, உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் பக்கம் சமவெளிக்கு வந்து கரும்புத் தோட்டங்களில் தங்கியது. பிப்ரவரி 15 அன்றுதான் மீண்டும் பிடிக்கப்பட்டது. யானை காட்டில்தான் இருக்கும் என்று சலித்திருந்தால் அந்த இரண்டு வாரமும் சின்னத்தம்பியே அட்டவணையில் இருந்திருக்காது. அரிக்கொம்பனும் விடப்பட்ட ஒரு மாதத்துக்குள், மே 27 அன்று, தேனி மாவட்டம் கம்பம் நகருக்குள்ளேயே நடந்து வந்தது.

வயலிலிருந்து எத்தனை கி.மீ. எல்லை வைப்பது?

பதரை நீக்கிய பிறகே வயலிலிருந்து உள்ள தூரத்தால் சலிக்க வேண்டும். பலரும் 2 கி.மீ., 3 கி.மீ. என்று ஒரு முழு எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். தூரத்தைத் தனியாக வைத்துப் பயனில்லை. நேரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைசிப் புள்ளி பதிவான பிறகு, அடுத்த செய்தி நமக்கு வருவதற்குள் யானை எவ்வளவு நடக்க முடியும் என்பதே கேள்வி. காலர் நான்கு மணிக்கு ஒரு முறை பதிகிறது, செய்தி வந்து சேர அரை மணி ஆகிறது, யானை மணிக்கு 4 கி.மீ. நடக்கிறது என்றால் நாலரை மணியில் 18 கி.மீ. வந்துவிடும். அத்தகைய காலருக்கு 2 கி.மீ. எல்லை வைத்தால் யானை வயலில் இறங்கி, வாழையைத் தின்று, திரும்பிப் போன பிறகும் செய்தி வராமல் போகலாம்.

அதற்காக 18 கி.மீ. எல்லை வைக்கலாமா என்றால், அதுவும் ஆகாது. தினமும் செய்தி வரும். பத்தாம் நாள் யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள். புள்ளிகளை அடிக்கடி வாங்குவதே வழி. அரை மணிக்கு ஒரு புள்ளி, பத்து நிமிடத் தாமதம் என்றால் 40 நிமிடத்தில் யானை நடப்பது 2.7 கி.மீ. அப்பொழுது 3 கி.மீ. எல்லை நியாயமானது. யானை உட்காட்டில் உள்ளபோது அரிதாகவும், குறிப்பிட்ட கோட்டைத் தாண்டிய பின் அடிக்கடியும் பதியும்படி அமைக்கும் வசதி சில காலர்களில் உண்டு. மின்கலமும் நீடிக்கும், செய்தியும் வேளையில் வரும்.

தூரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஊர்ப் பெயருக்கு ஒரே ஒரு புள்ளியை, பெரும்பாலும் ஊரின் நடுவே, வைத்து அளப்பதுண்டு. காட்டோரத்தில் உள்ள தோட்டம் ஊரின் நடுவிலிருந்து 2 கி.மீ. தள்ளி இருந்தால், ஊருக்கு 3 கி.மீ. தூரத்தில் இருக்கும் யானை அந்தத் தோட்டத்துக்கு 1 கி.மீ.யில் இருக்கலாம். வயலின் எல்லை வரப்பிலிருந்து அளப்பதே சரி. கணக்கில் வருவது வானத்தில் நூல் பிடித்தாற்போன்ற நேர்தூரம் என்பதால், இடையில் ஆழமான பள்ளமோ வாய்க்காலோ இருந்தால் யானை சுற்றித்தான் வரும். அந்த வழி உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

திறந்த வெளியில் காலரின் புள்ளி ஏறத்தாழ பத்து மீட்டர் வரை பிசகலாம்; அடர்ந்த மரநிழலிலும் செங்குத்தான பள்ளத்திலும் அதைவிடக் கூடுதலாகப் பிசகும். எனவே எந்த வரப்பைத் தாண்டியது, யாருடைய வாழைக்குள் நின்றது என்ற வழக்கைப் புள்ளியை வைத்துத் தீர்க்க முற்படக்கூடாது. கால் தடமும் சாணமும்தான் அதற்குச் சாட்சி.

மென்பொருளில் செய்யும் முறை

'ஆர்' என்னும் புள்ளியியல் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகியோர் உருவாக்கியது. கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவருக்கு இது தெரிந்திருக்கலாம். காலரின் அட்டவணையை அதில் ஏற்றி, முதலில் நேரத்தை இந்திய நேரமாக மாற்றி, நேர வரிசைப்படி அடுக்கி, வெற்று வரிகளையும் சுழியங்களையும் ஒரே வரி இருமுறை வந்ததையும் ஒதுக்க வேண்டும். பின்னர் தூரம். இதற்கு 'ஜியோஸ்பியர்' என்ற துணைத்தொகுப்பில் 'ஹாவர்சைன்' எனப்படும் கணக்கு உள்ளது. பூமியை உருண்டையாகக் கொண்டு தூரத்தைத் தரும். இதில் தீர்க்கரேகையை முதலிலும் அட்சரேகையை அடுத்தும் கொடுக்க வேண்டும். நாம் பேச்சில் சொல்லும் வரிசைக்கு இது நேர்மாறு. விடை மீட்டரில் வரும். 3 கி.மீ. எல்லைக்கு 3 என்று கொடுத்துவிட்டால், யானை வயலுக்கு மூன்று மீட்டரில் வந்து நின்றால்தான் செய்தி போகும். 3000 என்று கொடுக்க வேண்டும். வயலின் எல்லையிலிருந்தே அளக்க 'எஸ்.எஃப்.' என்ற மற்றொரு தொகுப்பு உதவும். எந்தச் சல்லடையைப் போட்டாலும், போடுவதற்கு முன் எத்தனை வரிகள், போட்ட பின் எத்தனை வரிகள் என்று எழுதி வைக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்றிரண்டு போனால் சரி. பாதி போய்விட்டால் கெட்டது காலரல்ல, நாம் வைத்த எல்லை.

வனச்சரகத்தில் கேட்க வேண்டியவை

காலர் புள்ளிகள் வேட்டைக்காரர் கையில் சிக்கக்கூடாது என்பதற்காக அவற்றை யாருக்கும் அப்படியே கொடுப்பதில்லை, அது நியாயமே. நம் கைக்கு வருவது சலித்த செய்தி மட்டும். எனவே எந்தச் சல்லடையில் சலித்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. காலர் எத்தனை மணிக்கு ஒரு முறை பதிகிறது, செய்தி வந்து சேர எவ்வளவு நேரமாகிறது, எல்லை எத்தனை கி.மீ., அது எங்கிருந்து அளக்கப்படுகிறது என்ற நான்கையும் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். செய்தியில் 'யானை 3 கி.மீ. தூரத்தில் உள்ளது' என்று மட்டும் இல்லாமல், 'இரவு 9 மணிக்கு 3 கி.மீ. தூரத்தில் இருந்தது' என்று எழுதச் சொல்லுங்கள். நேரம் தெரிந்தால் மீதியை நீங்களே கணக்கிட்டுக்கொள்வீர்கள்.

காலர் மாட்டிய யானைகள் மிகச் சில. கூட்டத்தில் ஒரு பெண் யானைக்குக் காலர் இருந்தால் பெரும்பாலும் அது கூட்டத்தையே காட்டும். தனித்துத் திரியும் ஆண் யானையின் காலர் அதை மட்டுமே காட்டும். செய்தி வராத இரவிலும் காலர் இல்லாத யானை வரலாம் என்பதால், காவலை முற்றிலும் விட்டுவிடுதல் கூடாது. தனியாக மடை திருப்பப் போவதும் கூடாது.

உங்கள் பங்குக்கு இப்பொழுதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, தோட்டத்தின் நான்கு மூலைகளிலும் சற்று நேரம் நின்று, அங்குள்ள அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஐந்து தசம இடம் வரை குறித்துக்கொள்ளுங்கள். மூன்று தசம இடத்தோடு நிறுத்தினால் 110 மீட்டர் வரை பிசகும். ஐந்தாவது இடம் சுமார் ஒரு மீட்டர் ஆகும். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு மேற்சொன்ன முறையில் தூரத்தைக் கணக்கிட்டு, கயிறு பிடித்து அளந்த தூரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து மீட்டருக்குமேல் வித்தியாசம் வந்தால் வேறொரு நாள் வானம் தெளிவாக உள்ளபோது மீண்டும் குறிக்கலாம். ஒத்துவந்தால் அந்த நான்கு மூலைகளின் எண்களையும் புல எண்ணோடு ஒரு தாளில் எழுதி வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து வாருங்கள். ஊரின் நடுவிலிருந்து அளப்பதை விட்டு உங்கள் வரப்பிலிருந்து அளக்க அவர்களுக்கு அது தேவைப்படும்.